பல் இல்லாத சாவி

ஷோரூமில் புது கார் எடுக்கும் நாளில் ஒரு சடங்கு உண்டு. மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கேக் வெட்டி முடித்ததும், இரண்டு அடி நீளத்துக்கு ஓர் அட்டைச் சாவியைக் குடும்பத்தின் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அந்த அட்டைச் சாவிக்கு வட்டமான தலை இருக்கும், நீண்ட தண்டு இருக்கும், வரிசையாகப் பற்கள் இருக்கும். படம் எடுத்தானதும் விற்பனைப் பிரதிநிதி உண்மையான சாவியைத் தருவார். அதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு பிளாஸ்டிக், இரண்டு மூன்று பொத்தான்கள், கம்பெனி முத்திரை. “பாக்கெட்ல இருந்தாலே போதும் சார், வெளிய எடுக்கவே வேண்டாம்” என்பார்.

கார் சாவியின் முக்கால் நூற்றாண்டு வரலாறு அந்த ‘எடுக்கவே வேண்டாம்’ என்ற இடத்தை நோக்கித்தான் நகர்ந்து வந்திருக்கிறது. முதலில் சாவியை நுழைக்க வேண்டும், திருப்ப வேண்டும். பிறகு பொத்தானை அழுத்தினால் போதும் என்று ஆனது. அப்புறம் அதுவும் வேண்டாம், வண்டியின் பக்கத்தில் போய் நின்றாலே கதவு திறக்கும் என்றார்கள். நம் கை செய்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. வசதிதான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் கழன்றுபோன ஒவ்வொரு வேலையும் ஒரு காவலாகவும் இருந்தது. அது திருடர்களுக்குத்தான் முதலில் புரிந்தது.

தொடக்க காலக் கார்களை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்த பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் ஓடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது கிறைஸ்லர், 1949-இல். அன்றிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு உலகம் முழுக்க கார் சாவி என்றால் வெறும் உலோகத் துண்டுதான். பற்களின் உயரம் பொருந்தினால் பூட்டு சுழலும். பூட்டும் சாவியும் தேயத் தேய, பொருத்தம் கொஞ்சம் தளர்ந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிடும். அம்பாசடர் ஓட்டிய பழைய டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அடுத்த வண்டியின் கதவைத் தன் சாவியால் திறந்துவிட்ட கதை ஒன்றாவது கிடைக்கும்.

தடித்த தண்டின் நடுவில் நெளிநெளியாகப் பள்ளம் வெட்டிய சாவி, பொத்தானை அழுத்தினால் கத்தி போல் விரியும் சாவி என்று பிற்பாடு வந்தவையும் உலோகத்தின் மேல் செய்த திருத்தங்களே. உண்மையான மாற்றம் சாவியின் தலைக்குள் நடந்தது.

தலைக்குள் ஒரு சிப்

அமெரிக்காவில் ஷெவர்லே கார்வெட் வாங்கியவர்களைவிட அதைத் திருடியவர்கள் அதிக ஆர்வத்தோடு இருந்த காலம் ஒன்று இருந்தது. 1986 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு தந்திரம் செய்தது. சாவித் தண்டில் சின்ன மின்தடை ஒன்றைப் பதித்தார்கள். மொத்தம் 15 அளவுகள். சாவியை நுழைத்ததும் வண்டி அந்த மின்தடையை அளந்து பார்க்கும். அளவு தவறினால் ஸ்டார்ட்டரும் எரிபொருளும் சில நிமிடங்களுக்கு முடங்கிவிடும். பதினைந்தே அளவுகள் என்பதால் பொறுமையுள்ள திருடனுக்கு அது பெரிய மலை அல்ல. ஆனாலும் பல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, வண்டி கேட்கும் கேள்விக்குச் சாவி பதில் சொல்லவும் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

1990-களின் நடுவில் அந்த எண்ணம் இமொபிலைசராக வளர்ந்தது. இன்று நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவது இதைத்தான், அது இருப்பதே தெரியாமல். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய சிப். அதற்கு பேட்டரி கிடையாது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. வண்டி ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். சிப் தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு அதைக் கலந்து கணக்குப் போட்டு விடை அனுப்பும். வண்டியும் அதே கணக்கைத் தனியே போட்டுப் பார்க்கும். விடை ஒத்துப்போனால்தான் எஞ்சினுக்கு அனுமதி. தெருமுனைச் சாவிக்கடையில் அச்சு அசலாக வெட்டி வாங்கிய நகல் சாவி கதவைத் திறந்துவிட்டு எஞ்சினைக் கிளப்ப மறுப்பதற்குக் காரணம் இதுதான். பல் பொருந்துகிறது, தலைக்குள் சிப் இல்லை.

ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களில் இமொபிலைசர் கட்டாயமானது. ஆஸ்திரேலியா 2001-இலும் கனடா 2007-இலும் அதே வழிக்கு வந்தன. அமெரிக்கா மட்டும் சட்டம் போடவில்லை, கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதற்கான விலையைப் பிறகு கொடுத்தது.

2021 வாக்கில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கியா, ஹூண்டாய் கார்கள் சரசரவென்று காணாமல் போகத் தொடங்கின. அந்த ஆண்டு நகரில் திருடுபோன வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டு கம்பெனிகளுடையவை. திருடியவர்களில் பலர் பதின்வயதுப் பையன்கள். தொழில்நுட்பம் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பிய்த்து, சாவி நுழையும் உருளையைக் கழற்றினால் உள்ளே ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். போன் சார்ஜ் செய்யும் யூஎஸ்பி வயரின் தலை அதில் கச்சிதமாகப் பொருந்தியது. திருப்பினால் வண்டி ஓடும். 2022 கோடையில் இந்த வித்தை டிக்டாக்கில் பரவியதும் ஊர் ஊராகத் தொற்றிக்கொண்டது.

காரணம், அந்த நாட்டில் விற்ற அந்த மாடல்கள் பலவற்றில் இமொபிலைசரே வைக்கவில்லை. 2015 மாடல்களை எடுத்துப் பார்த்த அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வு அமைப்பு ஒன்று, மற்ற கம்பெனிகளின் வண்டிகளில் 96 சதவீதத்தில் அது இயல்பாகவே இருந்தது, ஹூண்டாய் - கியாவில் 26 சதவீதத்தில்தான் இருந்தது என்று கணக்குச் சொன்னது. எல்லை தாண்டினால் கனடாவில் அதே கம்பெனிகளின் வண்டிகளில் சிப் இருந்தது, அங்கே சட்டம் இருந்ததால். சில டாலர் மிச்சம் பிடித்த கணக்கு கடைசியில் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவச மென்பொருள் மாற்றம், ஸ்டீயரிங் பூட்டு விநியோகம், சுமார் 20 கோடி டாலர் வழக்குச் சமரசம் என்று முடிந்தது. நடுவில் துரத்தல்களிலும் விபத்துகளிலும் உயிர்களும் போயின. சாவியைத் திருப்பிக் கிளப்பும் மலிவு மாடல்களே மாட்டிக்கொண்டன. பொத்தானை அழுத்திக் கிளப்பும் விலை கூடிய மாடல்களில் சிப் இருந்ததால் அவற்றைப் பையன்களால் தொட முடியவில்லை.

தூரத்திலிருந்து ஓர் எண்

கதவுப் பூட்டின் கதை வேறு தடத்தில் ஓடியது. ஃபோர்டு 1980-இல் கதவிலேயே எண் பொத்தான்களை வைத்துப் பார்த்தது. பிரான்ஸில் 1982-இல் ரெனோ ஃபியூகோ என்ற கார் அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் ரிமோட்டோடு வந்தது. அதை உருவாக்கிய பால் லிப்ஷுட்ஸின் பெயரை ஒட்டி பிரெஞ்சுக்காரர்கள் கார் ரிமோட்டை ‘பிளிப்’ என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். பிறகு ரேடியோ அலை வந்தது. நம் ஊர் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசுபவை.

முதல் தலைமுறை ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணை அனுப்பின. பக்கத்தில் நின்று ஒருமுறை பதிவு செய்தவன் மறுபடி ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். அதற்கு மாற்றாக வந்ததுதான் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும் முறை. ரிமோட்டிலும் வண்டியிலும் ஒரே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். பயன்படுத்திய எண் செல்லாது. வீட்டுக்குள் குழந்தை ரிமோட்டை வைத்து விளையாடி இருபது முறை அழுத்திவிட்டால் என்ன ஆகும்? ரிமோட் முன்னால் ஓடியிருக்கும், வண்டி பின்தங்கியிருக்கும். அதனால் அடுத்து வரும் சில எண்கள் வரை வண்டி பொறுத்துக்கொள்ளும். பரவலாகப் புழங்கிய கீலாக் என்ற முறையில் அது 16. அதையும் தாண்டினால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தச் சொல்லிச் சரிசெய்துகொள்ளும். ரிமோட்டை முதல் தடவை அழுத்தியபோது திறக்காத கார் அடுத்த அழுத்தலில் திறந்தால், எப்போதும் பேட்டரியைத் திட்ட வேண்டியதில்லை.

இந்தப் பொறுமையிலேயே ஓட்டை இருந்தது. 2015-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் சாமி கம்கர் என்பவர் 32 டாலர் செலவில் செய்த ஒரு கருவியைக் காட்டினார். நீங்கள் ரிமோட்டை அழுத்தும்போது கருவி காற்றில் இரைச்சலைக் கிளப்பி வண்டியின் காதை அடைத்துவிடும், உங்கள் எண்ணைத் தான் பதிவு செய்துகொள்ளும். கதவு திறக்காததால் நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள். இரண்டாவது எண்ணையும் பிடித்துக்கொண்டு, முதல் எண்ணை வண்டிக்கு அனுப்பும். கதவு திறக்கும். நீங்கள் சந்தேகமில்லாமல் போய்விடுவீர்கள். இன்னும் பயன்படுத்தப்படாத எண் ஒன்று அவர் கையில் இருக்கும்.

அடுத்த ஆண்டே பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜெர்மானியச் சகாக்களும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ரிமோட்டுகளைப் பிரித்து ஆராய்ந்து, 1995-லிருந்து விற்ற ஏறக்குறைய 10 கோடி வண்டிகளின் பாதுகாப்பு ஒரு சில பொது ரகசிய எண்களையே நம்பியிருந்ததை வெளியிட்டார்கள். இந்த ஆய்வுகளைக் கம்பெனிகள் எதிர்கொண்ட விதமும் சொல்லத் தக்கது. இமொபிலைசர் சிப் ஒன்றின் பலவீனம் பற்றிய கட்டுரையை 2013-இல் இதே ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றத் தடை வாங்கி நிறுத்திவைத்தது. 2015-இல்தான் அது வெளிவந்தது. பூட்டைச் சரிசெய்வதைவிட, பூட்டு உடைந்திருக்கிறது என்று சொல்பவரின் வாயைப் பூட்டுவது மலிவாகத் தோன்றியிருக்க வேண்டும்.

தொடாமலே திறக்கும் கதவு

இப்போது பாக்கெட்டிலிருந்து எடுக்கவே வேண்டாத ‘ஸ்மார்ட் கீ’ என்ற சாவிக்கு வருவோம். 1993 கார்வெட்டில் இதன் ஆரம்ப வடிவம் இருந்தது. 1990-களின் இறுதியில் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் வழியாக இது சொகுசின் அடையாளமானது. இன்று பத்து லட்ச ரூபாய்க்குக் குறைந்த ஹேட்ச்பேக்கின் மேல் வேரியன்ட்டிலேயே கிடைக்கிறது.

நடப்பது இதுதான். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு மெல்லிய குரல் கொடுக்கிறது. அந்த அலை ஓரிரு மீட்டருக்கு மேல் போகாது. சாவி அந்த வட்டத்துக்குள் இருந்தால் விழித்துக்கொண்டு 433 மெகாஹெர்ட்ஸில் விடை சொல்லும். வண்டிக்குள்ளும் கதவுகளிலும் பல ஆன்டெனாக்கள் இருப்பதால் சாவி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுவரை கணிக்க முடிகிறது. சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியிலிருந்து பூட்ட முயன்றால் வண்டி முரண்டு பிடிப்பது அதனால்தான்.

இதில் மறைந்திருக்கும் அனுமானம் ஒன்றே ஒன்று: குரல் கேட்டது என்றால் சாவி பக்கத்தில் இருக்கிறது. வண்டி தூரத்தை அளக்கவில்லை. சத்தத்தின் அளவை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மூன்று ஆய்வாளர்கள் 2011-இல் இந்த அனுமானத்தைச் சோதித்தார்கள். ஒருவர் காருக்குப் பக்கத்தில் ஓர் ஆன்டெனாவோடு நிற்கிறார், இன்னொருவர் சாவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். வண்டியின் குரலை முதலாமவர் வாங்கி இரண்டாமவருக்குக் கடத்துகிறார், சாவியின் விடை அதே வழியில் திரும்பி வருகிறது. வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேர் பேசிக்கொள்ள, நடுவில் நிற்பவன் இரண்டு போன்களைத் தலைகீழாகச் சேர்த்துப் பிடித்த மாதிரி. ரகசிய எண்ணை உடைக்க வேண்டியதில்லை. கணக்கு எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் அதைப் போடுவது உண்மையான சாவியே. எட்டு கம்பெனிகளின் பத்து மாடல்களில் சோதித்தார்கள். பத்தும் திறந்தன, பத்தும் ஓடின.

2017-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் வெளியிட்ட ஒரு கண்காணிப்பு கேமரா காட்சியை உலகமே பார்த்தது. வீட்டு வாசலில் மெர்சிடிஸ் ஒன்று நிற்கிறது. ஒருவன் கையில் தட்டையான பெட்டியோடு வீட்டுச் சுவரை ஒட்டி நடக்கிறான், இன்னொருவன் காரின் அருகே. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ சாவி இருக்கிறது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை. ஓரிரு நிமிடத்தில் வண்டி கிளம்பிப் போகிறது.

சாவி வீட்டில் இருக்க வண்டி எப்படித் தொடர்ந்து ஓடும் என்று கேட்கலாம். ஓடும், ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது சாவியின் பேட்டரி தீர்ந்தால் எஞ்சின் நின்றுவிடக் கூடாது அல்லவா? அதனால் ஒருமுறை கிளம்பிவிட்டால் ‘சாவி இல்லை’ என்று திரையில் எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஓட்டுபவரின் பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாடு திருடனையும் அவன் போக வேண்டிய இடம்வரை பத்திரமாகக் கொண்டுசேர்த்துவிடுகிறது.

இதன் பிறகு கம்பெனிகள் செய்த உருப்படியான திருத்தம், சாவிக்குள் ஓர் அசைவு உணரியை வைத்தது. மேசைமேல் சில நிமிடம் அசையாமல் கிடந்தால் சாவி தூங்கிவிடும், எந்தக் குரலுக்கும் விடை சொல்லாது. உங்கள் சாவியில் இது இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உலோக இழை கோத்த பை ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நன்றாக மூடும் தகர டப்பாவும் ஓரளவு உதவும். ஆனால் பாதி டப்பாக்களில் மூடி சரியாகப் பொருந்தாததால் அலை கசியும். சாவியை உள்ளே போட்டு, டப்பாவோடு காரின் அருகில் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் டப்பாவை மறுபடி முறுக்குக்கே விட்டுவிடலாம். சில மாடல்களில் இந்த வசதியையே மெனுவில் போய் அணைத்துவைக்கவும் முடியும். கார் வாங்கும்போது பலரும் கேட்க மறக்கும் கேள்வி அது.

நிறுத்த மறந்தவர்கள்

திருட்டைவிட மோசமான ஒரு பக்கம் இந்தச் சாவிக்கு உண்டு. பழைய சாவியை உருவி எடுத்தால்தான் கையோடு கொண்டுபோக முடியும், உருவினால் எஞ்சின் நின்றே ஆக வேண்டும். புதுச் சாவி பாக்கெட்டிலேயே இருக்கிறது. சத்தமில்லாத எஞ்சினை அணைக்காமல் இறங்கிப் போய்விடலாம். அமெரிக்க வீடுகளில் கார் நிறுத்தும் அறை வீட்டோடு ஒட்டியே இருக்கும், கதவும் மூடியிருக்கும். எஞ்சின் இரவு முழுக்க ஓட, கார்பன் மோனாக்சைடு படுக்கையறைக்குள் நுழைந்து, தூக்கத்திலேயே இறந்தவர்கள் உண்டு. 2006 முதல் இப்படிக் குறைந்தது 28 பேர் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2018-இல் எழுதியது. அவர்களில் முதியவர்கள் அதிகம். எஞ்சின் தானாக அணைந்துபோகும் ஏற்பாட்டை 2020 மாடல்களிலிருந்து கொண்டுவருவதாக டொயோட்டா அறிவித்தது. அதைக் கட்டாய விதியாக்கச் சொல்லி அமெரிக்கச் சட்டம் வந்தது 2021-இல்.

அதற்காக உலோகச் சாவியைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், சாவியைத் திருப்பும் ஸ்விட்ச் தளர்வாக இருந்ததுதான். கனமான சாவிக்கொத்து குலுங்கினாலோ முழங்கால் பட்டாலோ அது தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். அதோடு ஏர்பேக்கும் செயலிழக்கும். 124 மரணங்களுக்குக் கம்பெனியின் நிதியத்திலிருந்து இழப்பீடு கொடுத்தார்கள். உங்கள் வண்டி திருப்பிக் கிளப்பும் வகை என்றால், வீட்டுச் சாவி, பீரோ சாவி, வேல் டாலர் எல்லாவற்றையும் அந்த வளையத்தில் கோக்காதீர்கள்.

ஸ்மார்ட் கீயின் பேட்டரி தீர்ந்துபோய் நடுரோட்டில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கறுப்புப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கும். இழுத்தால் உள்ளேயிருந்து உலோகச் சாவி ஒன்று வரும். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் துவாரம் தெரியாவிட்டால், அது ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே போனதும் சாவிப் பெட்டியை ஸ்டார்ட் பொத்தானின் மேலேயே ஒட்டினாற்போல் வைத்து அழுத்துங்கள். சில மாடல்களில் அதற்குத் தனி இடம் குறித்திருப்பார்கள். பெட்டிக்குள் பேட்டரி தேவைப்படாத பழைய இமொபிலைசர் சிப் இன்னும் உயிரோடு இருக்கிறது, வண்டி கிளம்பும். பெரும்பாலான சாவிகளுக்கு வேண்டியது சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி. வாட்ச் கடையில் கிடைக்கும். இதற்காக டோ வண்டியை அழைத்துக் காசை விட்டவர்கள் ஏராளம்.

சாவியை விட்டுவிட்டு ஹெட்லைட்டுக்கு

சாவியைப் பலப்படுத்தப் பலப்படுத்த, திருடர்கள் சாவியையே விட்டுவிட்டார்கள். 2022-இல் லண்டனில் ஒரு கார் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 வண்டியில் முன் பம்பரை யாரோ இழுத்துவிட்டு, ஹெட்லைட் வயரைப் பிடுங்கிப்போட்டிருந்தார்கள். போக்கிரித்தனம் என்று அவர் நினைத்துக்கொண்டார். சில நாளில் வண்டியே காணோம். நண்பர் ஒருவரோடு சேர்ந்து அவர் துப்புத் துலக்கியபோது புதுவகைத் திருட்டு ஒன்று வெளியே வந்தது.

இன்றைய காரில் ஹெட்லைட், பிரேக், கதவு, எஞ்சின் எல்லாம் ஒரே உள்தகவல் வலையில் பேசிக்கொள்கின்றன. அந்த வலையில் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பிவிடுவார். சாவியைப் பரிசோதிக்கும் பிரிவு ‘சாவி சரி’ என்று ஒரு செய்தி போட்டால் எஞ்சின் பிரிவு மறுகேள்வி கேட்காது. திருடன் ஹெட்லைட் வயர் வழியாக அந்த வலைக்குள் நுழைந்து, தானே ‘சாவி சரி’ என்று சொல்லிவிடுகிறான். கருவியை ஒரு புளூடூத் ஸ்பீக்கரின் உறைக்குள் ஒளித்து விற்றுக்கொண்டிருந்தார்கள், போலீஸ் பார்த்தாலும் சந்தேகம் வராதபடி. இங்கிலாந்திலேயே இன்னொரு கும்பல், பழைய கேம் பாய் விளையாட்டுப் பெட்டிக்குள் அடைத்த கருவியால் மிட்சுபிஷி கார்களைத் திருடிப் பிடிபட்டது.

டேஷ்போர்டுக்குக் கீழே மெக்கானிக் தன் ஸ்கேனரைச் செருகும் இணைப்பு இன்னொரு வாசல். சாவியைத் தொலைத்தவருக்குப் புதுச் சாவியைப் பதிவுசெய்து தருவதற்கும் அதுவே வழி, உள்ளே நுழைந்துவிட்ட திருடன் வெற்றுச் சாவி ஒன்றைப் பதிவுசெய்துகொள்வதற்கும் அதுவே வழி. நேர்மையான சாவிக்கடைக்காரரின் கருவியும் திருடனின் கருவியும் பல சமயம் ஒன்றுதான். இத்தகைய மின்னணுக் கருவிகளைக் காரணமில்லாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கும் மசோதாவை பிரிட்டன் 2025-இல் கொண்டுவந்தது. கருவியைத் தடைசெய்வதா, கம்பெனிகளின் கையை முறுக்குவதா என்று கேட்டால் நான் இரண்டாவதன் பக்கம்.

காலத்தை அளக்கும் சாவி

தூரத்தை ஊகிப்பதற்குப் பதில் அளந்தால் என்ன? ஒளியும் ரேடியோ அலையும் ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். கேள்வி போய் விடை திரும்ப எடுத்த நேரத்தை அளந்தால் சாவி எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். நடுவில் கடத்துபவன் எவ்வளவு வேகமாகக் கடத்தினாலும் நேரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் இதைச் செய்ய வழியில்லை. அதன் ஓர் அலையின் நீளமே 2.4 கிலோமீட்டர். அதை வைத்துக்கொண்டு இரண்டு மீட்டரை அளக்க முடியாது.

அல்ட்ரா வைட்பேண்ட் என்ற முறை இதற்காகவே வந்திருக்கிறது. 6 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில், ஓரிரு நானோ விநாடியே நீடிக்கும் துடிப்புகளை அனுப்பி, தூரத்தைப் பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்கிறது. ஜெர்மனியின் மோட்டார் சங்கமான ஏடிஏசி, கைதொடாச் சாவி உள்ள நூற்றுக்கணக்கான மாடல்களை ஆண்டுக்கணக்காகச் சோதித்துவருகிறது. மிகப் பெரும்பான்மை தோற்றுப்போயின. தாக்குப்பிடித்த சிறுபான்மையில் முன்னால் நிற்பவை இந்த முறையைச் சரியாகப் பயன்படுத்திய வண்டிகள்.

இதே முறைதான் போனையும் சாவியாக்குகிறது. கார் கம்பெனிகளும் போன் கம்பெனிகளும் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று பொது விதிகளை வகுத்து, 2021-இல் வெளியிட்ட மூன்றாவது பதிப்பில் புளூடூத்தையும் அல்ட்ரா வைட்பேண்டையும் சேர்த்தது. அதற்கு முந்தைய வகை, கடையில் கார்டைத் தட்டிப் பணம் கட்டும் அதே என்எஃப்சி. போனையோ கார்டையோ கதவில் ஒட்ட வேண்டும். ஆப்பிள் 2020-இல் பிஎம்டபிள்யூவோடு தொடங்கியது. ஐபோன் சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் ஐந்து மணி நேரம்வரை கதவைத் திறக்கும். வெறும் புளூடூத்தை மட்டும் நம்பும் போன் சாவிகள் இன்னும் கடத்தல் வித்தைக்குத் தப்பியவை அல்ல. 2022-இல் டெஸ்லா மாடல் 3-ஐ அப்படித் திறந்து காட்டினார்கள். ஓட்டுமுன் நான்கு இலக்க எண் கேட்கும் வசதி அந்த வண்டியில் இருக்கிறது. கழன்றுபோன கைவேலைகளில் ஒன்று இந்த வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் இது நுழைந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகி 2021 இறுதியில் சாலைக்கு வந்த ஓலா எஸ்1 ஸ்கூட்டரில் சாவித் துவாரமே கிடையாது. போனில் அல்லது திரையில் எண் போட்டுத்தான் திறக்க வேண்டும். 2024-இல் ஹூண்டாய் அல்கசாரும், சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களும் என்எஃப்சி சாவியோடு வந்தன. வெளியூரில் இருக்கும் மகனுக்கு அப்பா போனிலேயே சாவி அனுப்பலாம், வேண்டாம் என்றால் அங்கிருந்தே பிடுங்கிக்கொள்ளலாம். பழைய சாவியால் செய்ய முடியாத காரியம் இது, நன்மையும்கூட.

ஆனால் சட்டமும் காப்பீடும் இன்னும் உலோகச் சாவியின் காலத்திலேயே நிற்கின்றன. கார் திருடுபோய் இழப்பீடு கேட்டால், எஃப்ஐஆர், ஆர்சியோடு இரண்டு அசல் சாவியையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும். ஒன்று குறைந்தால் நூறு கேள்வி. வண்டியைத் திறந்துவைத்து விட்டுவிட்டாரா, தெரிந்தவருக்குக் கொடுத்தாரா என்ற சந்தேகம். அதனால் ஸ்மார்ட் கீ ஒன்று தொலைந்தால் பல ஆயிரம் செலவானாலும் போலீஸில் எழுதிக்கொடுத்து, சர்வீஸ் சென்டரில் தொலைந்ததை நீக்கிப் புதியதைப் பதிவுசெய்து, ரசீதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய கார் வாங்குபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படிவம் 29, 30-இல் கையெழுத்தாகி, இரண்டு சாவியும் கைக்கு வந்த பிறகும், முந்தைய உரிமையாளரின் போனிலோ அவர் மைத்துனரின் போனிலோ மூன்றாவது சாவி ஒன்று இருக்கலாம். அதைக் கேட்க அந்தப் படிவங்களில் இடமில்லை. வண்டியில் மொத்தம் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும். போன் சாவிகளை வண்டியின் திரையிலேயே பார்த்து அழிக்கலாம், விற்பவரின் கணக்கையும் செயலியிலிருந்து விலக்கச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் கண்ணெதிரே முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். புரோக்கர் “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். அதுவரை பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.